வழு அறிக்கை வராவிட்டால் மென்பொருள் தயார் என்று அர்த்தமா?

2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பு வெளியானது. ‘டிரிக்ஸி’ என்று பெயர். 69,830 மென்பொருள் பொதிகள், ஏழு வகைச் செயலிக் கட்டமைப்புகள், இரண்டு ஆண்டுகளுக்கும் சற்று மேலான உழைப்பு. இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். ‘இது தயார், வெளியிடுங்கள்’ என்று உத்தரவு போட அங்கே முதலாளி கிடையாது. வெளியீட்டுக் குழு என்று ஒன்று உண்டு. ஆனால் யாரையும் ஒரு வேலையைச் செய்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என டெபியனின் சாசனமே சொல்லிவிடுகிறது.

அப்படியானால் ‘தயார்’ என்ற முடிவு எங்கிருந்து பிறக்கிறது? பரிசோதனையிலிருந்து என்பது எல்லோருக்கும் தோன்றும் பதில். அது பாதிதான் சரி. சமூகம் நடத்தும் திட்டங்களின் வெளியீட்டு விதிகளை உட்கார்ந்து படித்தால், அவற்றில் பெரும்பகுதி வேறொரு கேள்விக்கு விடை தேடுவது தெரியும்: யாரும் எதுவும் சொல்லாமல் இருக்கும்போது அதை எப்படி எடுத்துக்கொள்வது? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். திறந்த மூல உலகின் பெரிய திட்டங்கள் பல அந்த நம்பிக்கையின் மேல்தான் வெளியீடுகளைக் கட்டியெழுப்புகின்றன. அந்த நம்பிக்கை பெரும்பாலும் தாங்குகிறது. தாங்காத இடங்களைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

டெபியனில் ஒரு பொதியின் புதிய பதிப்பு முதலில் ‘அன்ஸ்டேபிள்’ என்ற கிளைக்குள் வருகிறது. அங்கிருந்து ‘டெஸ்டிங்’ கிளைக்கு அது தானாக நகர வேண்டும். நகர்த்துவது ‘பிரிட்னி’ என்ற நிரல். அது பார்க்கும் விஷயங்கள் எளிமையானவை. ஆதரவு உள்ள எல்லாக் கட்டமைப்புகளிலும் பொதி கட்டப்பட்டுவிட்டதா? அது உள்ளே வருவதால் வேறு ஏதாவது பொதி நிறுவ முடியாமல் போகுமா? ஏற்கெனவே டெஸ்டிங்கில் இருக்கும் பதிப்பில் இல்லாத, வெளியீட்டையே தடுக்கக்கூடிய வழு ஏதாவது இதில் பதிவாகியிருக்கிறதா? இவற்றோடு ஒரு காத்திருப்பும் உண்டு. அவசரத்தைப் பொறுத்து 2 நாள், 5 நாள் அல்லது 10 நாள். அந்த நாள்களுக்குள் யாரும் பெரிய வழு எதையும் பதிவு செய்யாவிட்டால் பொதி உள்ளே போய்விடும்.

இந்த ஏற்பாடு 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. அதற்கு முன்பு அன்ஸ்டேபிள் கிளையை ஒரு நாள் அப்படியே நகலெடுத்து உறைய வைப்பார்கள். பிறகு பல மாதங்கள் அதில் உள்ள வழுக்களைத் திருத்துவார்கள். அதற்குள் மென்பொருள்கள் பழையதாகிவிடும். டெஸ்டிங் என்ற நடுக்கிளையை உருவாக்கியவர்களின் எண்ணம், எந்த நாளில் பார்த்தாலும் ஏறக்குறைய வெளியிடக்கூடிய நிலையில் ஒரு தொகுப்பு இருக்க வேண்டும் என்பது. அருமையான எண்ணம். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அது உயிரோடிருப்பதே அதற்குச் சான்று.

ஆனால் அந்தக் காத்திருப்பு நாள்களில் நடப்பது என்ன? ஒரு பொதியைப் பற்றி ஐந்து நாள் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். பலர் பயன்படுத்தினார்கள், எல்லாம் ஒழுங்காக ஓடியது. அல்லது யாருமே பயன்படுத்தவில்லை. அல்லது பயன்படுத்தியவருக்குச் சிக்கல் வந்தது, தன் கணினியில்தான் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டார். நிரலின் கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும், கோடிக்கணக்கான கருவிகளில் ஓடும் ஓர் அடிப்படை நிரல் நூலகத்தின் மௌனமும், உலகில் நாற்பது பேர் மட்டும் திறக்கும் ஒரு வானியல் நிரலின் மௌனமும் ஒரே எடையில் நிறுக்கப்படுகின்றன.

திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. உறைநிலை, அதாவது வெளியீட்டுக்கு முன் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் காலம், பற்றிய விதிகளைப் பார்த்தாலே புரியும். டிரிக்ஸிக்கான உறைநிலை 2025 மார்ச் 15 அன்று தொடங்கிப் படிப்படியாக இறுகியது. முதல் கட்டத்தில் பல பொதிகளை ஒருங்கே அசைக்கும் பெரிய நூலக மாற்றங்கள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 15 முதல் மென் உறைநிலை: புதிய பொதிகளுக்கு இடமில்லை, காத்திருப்பு எல்லோருக்கும் 10 நாள். மே 17 முதல் கடும் உறைநிலை: முக்கியப் பொதிகளுக்கும், தானியங்கிச் சோதனை இல்லாத பொதிகளுக்கும், வெளியீட்டுக் குழுவில் ஒருவர் மாற்றங்களை வரி வரியாகப் படித்து அனுமதிக்க வேண்டும், மற்றவற்றுக்கு 20 நாள். ஜூலை 27-க்குப் பிறகு எந்தப் பொதியும் மனிதக் கண் படாமல் நுழைய முடியாது. வெளியீடு நெருங்க நெருங்க மௌனத்துக்கான மதிப்பு குறைந்துகொண்டே போகிறது. முதலில் ஐந்து நாள் போதும், பிறகு பத்து, பிறகு இருபது, கடைசியில் மௌனம் செல்லவே செல்லாது. யாராவது ‘நான் படித்தேன், சரி’ என்று பெயர் போட்டுச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வெறும் தாமதமாகத் தெரியும் அந்த மாதங்களின் உள்ளடக்கம் இதுதான்.

பராமரிப்பாளர்களின் மௌனத்துக்கும் விதி உண்டு. அது கொஞ்சம் கடுமையானது, ஆனால் நியாயமானது. ஒரு பொதியில் வெளியீட்டைத் தடுக்கும் வழு பதிவாகி, பராமரிப்பவர் கவனிக்காமலே இருந்தால், முன்னறிவிப்புக் காலம் முடிந்ததும் அந்தப் பொதி டெஸ்டிங்கிலிருந்து தானாக நீக்கப்படும். மிக முக்கியமான பொதிகளுக்கு மட்டும் விலக்கு. இன்னொரு பக்கம், வேறொருவர் அந்த வழுவைத் திருத்தித் தானே பதிவேற்றவும் வழி இருக்கிறது. ஆனால் அதைச் சில நாள்கள் தாமதிக்கும் வரிசையில் போட்டு, பராமரிப்பாளர் மறுப்புச் சொல்ல அவகாசம் தருவது மரபு. அவர் பேசாவிட்டால் திருத்தம் உள்ளே போகும். சம்பளம் வாங்காத ஒருவரை அவமதிக்காமலும், அவருடைய ஓய்வுக்காக மற்றவர்களின் வெளியீட்டை நிறுத்தாமலும் இருக்க இதைவிட நாகரிகமான வழியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இவ்வளவு விதிகள் ஏன் என்று கேட்பவர்களுக்கு ‘சார்ஜ்’ என்ற டெபியன் 3.1-இன் கதை போதும். 2002 ஜூலையில் முந்தைய பதிப்பு வந்தது; சார்ஜ் வந்தது 2005 ஜூன் மாதத்தில். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். நிறுவியை அடியிலிருந்து புதிதாக எழுதினார்கள், 11 கட்டமைப்புகளைச் சேர்த்து இழுத்தார்கள், திட்டத்தின் ‘சமூக ஒப்பந்தம்’ என்ற கொள்கை ஆவணத்தில் செய்த திருத்தம் நடுவில் குறுக்கே வந்தது. இங்கே மௌனமே இல்லை. ஒரு வழுவை மூடுவதற்குள் இன்னொன்று வந்து நிற்கும். ‘தயாரானதும் வெளியிடுவோம்’ என்ற கொள்கை மட்டும் இருந்து, எப்போது புதியவற்றை நிறுத்துவோம் என்ற உடன்பாடு இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

அதே காலத்தில் வேறு சிலர் நாள்காட்டியைக் கையில் எடுத்தார்கள். லினக்ஸ் கணினிகளுக்கான திரைச் சூழலை உருவாக்கும் க்னோம் திட்டம் 2002-இல் வந்த 2.0 பதிப்புக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்ற ஒழுங்குக்கு வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004 அக்டோபரில் தொடங்கிய உபுண்டு அதையே பின்பற்றியது. 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பை மட்டும் ஜூன் வரை தள்ளி, ஆண்டும் மாதமும் சேர்த்து 6.06 என்று எண்ணிட்டது. நாள்காட்டியின் பலம், அடுத்த வண்டி எப்போது என்று எல்லோருக்கும் தெரிவது. தன் அம்சம் இந்த வெளியீட்டில் சேராவிட்டால் அடுத்ததில் சேரும் என்பதால், அரைகுறையாகத் திணிக்கும் ஆசை குறைகிறது.

டெபியன் கடைசியில் இரண்டையும் கலந்துகொண்டது: உறைவது தேதிப்படி, வெளியிடுவது தயாரானதும். ஆனால் அந்த இடத்துக்கு அது சுலபமாக வந்து சேரவில்லை. 2009-இல் ஸ்பெயினின் காசெரெஸ் நகரில் நடந்த மாநாட்டில், அந்த டிசம்பரிலேயே உறைநிலை என்று அறிவித்தபோது பலர் கொதித்தெழுந்தார்கள். தேதி பிடிக்காததைவிட, தங்களைக் கேட்காமல் முடிவெடுத்ததுதான் அவர்களைச் சுட்டது. திட்டம் பின்வாங்கியது. உறைநிலை 2010 ஆகஸ்டில் வந்தது, வெளியீடு 2011 பிப்ரவரியில். சம்பளப் பட்டியல் இல்லாத இடத்தில் கால அட்டவணையும்கூட ஒப்புக்கொள்ளப்பட வேண்டிய ஒன்றுதான்.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளம் இந்தச் சிக்கலை வேறு கோணத்தில் அணுகுகிறது. அங்கே மௌனத்துக்கு இடம் குறைவு. வெளியீட்டுக்கு முன் எவையெல்லாம் வேலை செய்ய வேண்டும் என்ற அளவுகோல்கள் எழுத்தில் இருக்கின்றன. அவற்றுக்கான சோதனைப் பட்டியலில், செய்து பார்த்தவர் தன் பெயரோடு முடிவைப் பதிகிறார். பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அது காலியாகவே எல்லோர் கண்ணிலும் படும். பிறகு ‘போகலாமா, வேண்டாமா’ என்ற பொதுக் கூட்டம். தடுக்கும் வழு ஒன்று திறந்திருந்தாலும் வெளியீடு தள்ளிப்போகும். 2022-இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் கடும் பாதுகாப்புக் குறை ஒன்று நவம்பர் 1 அன்று வெளிப்படும் என்ற அறிவிப்பு வந்ததும், அக்டோபரில் வரவேண்டிய ஃபெடோரா 37-ஐ நிறுத்திவைத்து, நவம்பர் 15 அன்றுதான் வெளியிட்டார்கள். அந்தக் குறை பிறகு எதிர்பார்த்த அளவுக்குக் கடுமையானதல்ல என்று தெரிந்தது. இருந்தாலும் காத்திருந்தது சரி என்பதே என் கருத்து. குறையின் அளவு தெரியாத நிலையில் வெளியிட்டுவிட்டு வருந்துவதற்குப் பெயர் துணிச்சல் இல்லை.

அன்றாடப் புதுப்பிப்புகளுக்கும் அங்கே இதே மனப்பான்மைதான். ‘போதி’ என்ற அமைப்பில், சோதித்தவர் ஒரு புதுப்பிப்புக்குக் கூட்டல் அல்லது கழித்தல் மதிப்பெண் இடலாம். போதுமான கூட்டல் கிடைத்தால் அது விரைவில் நிலையான கிளைக்குப் போகும். யாருமே எதுவும் சொல்லாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். இங்கேயும் மௌனம் கடைசியில் சம்மதமாகிவிடுகிறது என்றாலும், வாய் திறந்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்ல ஓர் இடம் இருப்பது சிறிய விஷயமில்லை.

இந்த இயங்குதளங்களின் மையமான லினக்ஸ் கருவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டு வாரம் புதிய மாற்றங்களை ஏற்பார்கள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வெளியீட்டு முன்வடிவு. பெரும்பாலும் ஏழு, சில சமயம் எட்டு. ஒன்பது பத்து வாரத்தில் பதிப்பு வந்துவிடும். முன்பு ஓடிய எதுவும் இப்போது ஓடாமல் போகக் கூடாது என்பது அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் அசையாத விதி. ஆனால் முன்வடிவுகளைத் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் பல பின்னடைவுகள் இறுதிப் பதிப்பு வந்த பிறகே வெளிச்சத்துக்கு வருகின்றன, அடுத்தடுத்த வாரங்களின் சிறு பதிப்புகளில் திருத்தப்படுகின்றன.

மௌனம் எவ்வளவு நீளமாக ஏமாற்ற முடியும் என்பதற்கு 2006 முதல் 2008 வரை நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில், நினைவகப் பிழைகளைத் தேடும் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டியது. அந்த எச்சரிக்கையை நீக்குவதற்காக நிரலில் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டது. மூல நிரலை எழுதுவோரிடம் கேட்காமல் செய்யவில்லை. கேட்கத்தான் செய்தார்கள், கிடைத்த பதிலில் யாரும் ஆபத்தைச் சுட்டவில்லை. அந்த மாற்றத்தால் குறியாக்கச் சாவிகளுக்கு வேண்டிய தற்செயல்தன்மை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. செயல்முறையின் எண் ஒன்றே மிஞ்சியது. அதில் 32,768 வாய்ப்புகள்தான். அதாவது, எண்ணி முடிக்க முடியாத அளவுக்கு இருக்க வேண்டிய சாவிகளை ஒருவர் மேசைக் கணினியிலேயே பட்டியலிட்டுவிடலாம். 2006 செப்டம்பரில் நுழைந்த அந்தப் பொதி, 2007 ஏப்ரலில் வந்த நிலையான வெளியீட்டில் இடம்பெற்று, 2008 மே 13 அன்று அறிவிக்கப்படும் வரை வெளியே தெரியவில்லை.

இருபது மாதம்! உறைநிலை, காத்திருப்பு, வழுப் பட்டியல் எல்லாவற்றையும் அது கடந்து போனது. காரணம் எளிது. எதுவும் பழுதாகவில்லை. சாவிகள் உருவாயின, இணைப்புகள் வேலை செய்தன, புகார் சொல்ல யாருக்கும் முகாந்திரம் இல்லை. பயன்பாட்டில் தெரியாத குறையைப் பயனரின் மௌனம் ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. அதற்கு நிரலைப் படிக்கும் கண்கள் வேண்டும், அந்தக் கண்களுக்கு எந்த வரி எதற்காக இருக்கிறது என்ற அறிவும் வேண்டும்.

2024 மார்ச் மாதத்தின் ‘எக்ஸ்இசட்’ விவகாரம் இன்னும் ஆழமாகக் குத்துகிறது. இது கவனக்குறைவால் வந்ததில்லை, திட்டமிட்ட சதி. தரவைச் சுருக்கும் அந்தச் சிறு நூலகத்தை நெடுங்காலம் ஏறக்குறைய ஒரே ஒருவர் பராமரித்து வந்தார். 2022-இல் அறிமுகமில்லாத சில கணக்குகள், வெளியீடுகள் தாமதமாகின்றன என்று அவரை நெருக்கின. உதவ முன்வந்த இன்னொரு கணக்கு மெல்ல மெல்ல நம்பிக்கை சம்பாதித்துப் பராமரிப்பாளர் ஆனது. 2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1 என வந்த பதிப்புகளில், ரகசியமாக உள்ளே நுழைய வழிவிடும் பின்வாசல் ஒன்று புதைந்திருந்தது. அது புதைந்திருந்த இடம்தான் என் மனத்தை அதிகம் வருத்துகிறது: பரிசோதனைக் கோப்புகள். கெட்டுப்போன கோப்புகளை நூலகம் சரியாகக் கையாள்கிறதா என்று பார்க்கச் சேர்த்துவைக்கும் இருமக் கோப்புகளை யாரும் திறந்து படிப்பதில்லை. அவற்றிலிருந்து தீய நிரலைப் பிரித்தெடுக்கும் சிறு வரிகள், எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்கென்று கட்டிக் கொடுத்த தொகுப்பில் மட்டும் இருந்தன. சோதனை, வெளியீடு என்ற இரண்டு நம்பிக்கையான இடங்களையும் அறிந்தே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

புதிய பதிப்பை விரைவாகச் சேர்க்கச் சொல்லி, டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் விநியோகங்களுக்கு வேண்டுகோள்களும் போயின. டெபியனின் அன்ஸ்டேபிள், டெஸ்டிங் கிளைகளிலும் ஃபெடோராவின் வளர்நிலைக் கிளைகளிலும் அது நுழைந்துவிட்டது. டெபியனில் காத்திருப்பு நாள்கள் கழிந்தன, தடுக்கும் வழு எதையும் யாரும் பதியவில்லை, நிரல் அனுமதித்தது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர். தன் டெபியன் அன்ஸ்டேபிள் கணினியில் வேறொன்றின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியான நுழைவு ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொள்வதையும், செயலியை அதிகம் தின்பதையும் கவனித்தார். சில வாரங்களுக்கு முன் பார்த்த விநோதமான நினைவக எச்சரிக்கை ஒன்றும் அவருக்கு நினைவில் இருந்தது. இரண்டையும் சேர்த்துத் தோண்டி, மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். டெபியன் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பியது. பதிப்பு எண்ணைக் குறைக்க முடியாது என்பதால், 5.6.1 என்ற எண்ணோடு ‘உண்மையில் 5.4.5’ என்று பொருள்படும் ஒட்டைச் சேர்த்து வெளியிட்டார்கள். உபுண்டு 24.04-இன் பீட்டா என்ற சோதனைப் பதிப்பு ஒரு வாரம் தள்ளிப்போனது. நிலையான டெபியனைப் பயன்படுத்தியவர்கள் யாரும் பாதிக்கப்படவில்லை.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். தற்செயலாகத் தப்பித்தோம் என்பது ஒன்று. நான் இன்னொன்றையும் சேர்த்தே படிக்கிறேன். மென்பொருள் நிலையான கிளைக்குப் போகும் முன் சில காலம் ஒரு கிளையில் கிடக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்ததால்தான், அந்தக் கிளையில் அன்றாட வேலை செய்யும் ஒருவருக்கு அரை நொடியைச் சந்தேகிக்க வாய்ப்பு கிடைத்தது. காத்திருப்பு வழுவைக் கண்டுபிடிப்பதில்லை. கண்டுபிடிக்கக்கூடிய மனிதர் வந்து சேர இடம் பிடித்து வைக்கிறது. அந்த இடத்தில் உண்மையாகவே யாராவது இருக்கிறார்களா என்பதே கேள்வி.

தானியங்கிச் சோதனைகள் இந்த மனிதர்களின் சுமையைக் குறைத்திருக்கின்றன. டெபியனில் சோதனை உள்ள பொதி வெற்றி பெற்றால் அதன் காத்திருப்பு குறைகிறது. மற்றப் பொதியின் சோதனையை அது கெடுத்தால் நிறுத்தப்படுகிறது. ஆனால் ஒரு பழைய அச்சுப்பொறி காகிதத்தைத் தலைகீழாகத் தள்ளுவதை அவை பார்க்க முடியாது. கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்பதை, அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்தான் ஒரே பார்வையில் சொல்வார். திரைபடிப்பான் உதவியால் கணினி இயக்குபவருக்கு மட்டும் ஒரு பொத்தான் மாயமாகிப் போவதும் அப்படித்தான்.

நிரல் தெரியாதவர் சோதிக்க முடியாது என்ற தயக்கத்தை, லிப்ரெஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் திட்டம் அழகாக உடைத்திருக்கிறது. கட்டி முடித்த பல்லாயிரம் இடைக்காலப் பதிப்புகளை அவர்கள் களஞ்சியமாகச் சேர்த்து வைக்கிறார்கள். ஓர் ஆவணம் எந்தப் பதிப்பு வரை சரியாகத் திறந்தது, எதிலிருந்து கெட்டது என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால், குற்றவாளியான மாற்றத்தை நிரல் வரி ஒன்றுகூட எழுதாமல் கண்டுபிடித்துவிடலாம். பொறுமை ஒன்று போதும். இப்படிக் கிடைக்கும் ஓர் அறிக்கை, ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லும் நூறு அறிக்கைகளைவிட நிரலாளருக்கு உதவும்.

‘வேலை செய்கிறது’ என்ற அறிக்கைக்கும் மதிப்பு உண்டு. இதைப் பலர் அறிவதில்லை. டெபியனின் நிறுவல் வழிகாட்டி, நிறுவல் வெற்றியாக முடிந்தாலும் அறிக்கை அனுப்பச் சொல்கிறது. எந்தக் கணினி, எந்த நிறுவல் படிமம், எந்தெந்தக் கட்டம் தடையின்றி முடிந்தது என்ற விவரத்தோடு. ‘வழு இல்லை’ என்பதும் ‘பார்த்தேன், வழு இல்லை’ என்பதும் வேறு வேறு என்பதை அந்த ஒரு வேண்டுகோள் ஒப்புக்கொள்கிறது. எல்லாப் பொதிகளுக்கும் இப்படி ஓர் எளிய வழி இருந்தால், வெளியீட்டுக் குழு எந்த மௌனத்தை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பிரித்தறிய முடியும் என்று நான் நினைக்கிறேன்.

சோதிக்க விரும்புபவர்கள் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய வாரம்தான் பலர் ஆர்வமாக இறங்குகிறார்கள். அப்போது கண்டுபிடிக்கும் வழுவுக்கு மிகச் சிறிய திருத்தம் மட்டுமே அனுமதிக்கப்படும். அது முடியாவிட்டால் பொதியை நீக்குவது, அல்லது குறையோடு வெளியிட்டு வெளியீட்டுக் குறிப்பில் எழுதிவைப்பது என்ற வழிகள்தான் மிஞ்சும். உறைநிலை தொடங்குவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே டெஸ்டிங் கிளையை ஒரு மாற்றுக் கணினியில் நிறுவி அன்றாட வேலைக்குப் பயன்படுத்துபவரின் அறிக்கை கைக்கு வரும்போது, மூல நிரலை எழுதுபவரிடம் கேட்கவும், புதிய பதிப்பைக் கொண்டுவரவும், வேண்டுமானால் பழையதற்குத் திரும்பவும் பராமரிப்பாளருக்கு இன்னும் நேரம் இருக்கும். டெபியன் 14-க்கு ‘ஃபோர்க்கி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கான டெஸ்டிங் கிளை டிரிக்ஸி வெளியான உடனேயே திறந்துவிட்டது.